ஐப்பசிக்காகத் தூக்கிய ஜீப்

போன திங்கட்கிழமை. மழை கொஞ்சம் விட்டு வெயில் காட்டிய நேரம். கோவில்பட்டி பஜாரில் ஜீப்பை நிறுத்திவிட்டு ஒரு கடைக்குள் போய்த் திரும்பினேன். வண்டிக்கு அடியில் ஓர் ஆட்டுக்குட்டி.

ஆட்டுக்குட்டி வண்டிக்கடியில் ஒதுங்குவதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். படுத்திருந்தால் விசேஷம் இல்லைதான். இது நின்றுகொண்டிருந்தது! கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி, தலையை அண்ணாந்து அங்கேயும் இங்கேயும் பார்த்துக்கொண்டு...

பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவர். படித்துவிட்டு அதே தாளில் கடுகு மடித்துக் கொடுக்கிறவர். அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஊருல எல்லாரும் வண்டி வாங்குவாவ. நீங்க ஒரு பரணுக்கு டயர் மாட்டில்லா வச்சிருக்கீய! எதுக்கு அண்ணாச்சி இத இப்படித் தூக்கி வச்சீய? கண்டதையும் எழுதுதீயளே, இத எழுதுங்களேன்."

சரி, எழுதிவிடுகிறேன். கடுகு மடிக்கவாவது ஆகும்.

என் தொழில் மிளகாய் வத்தல் கமிஷன் என்பது உங்களுக்குத் தெரியும். விளாத்திகுளம், புதூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய் வத்தல் பார்ப்பதற்காக ஒரு பழைய மிலிட்டரி ஜீப் வாங்கினேன். யுத்தம் முடிந்து சர்க்கார் கழித்துவிட்ட ஜீப்புகளில் ஒன்று. பல கை மாறி என் கைக்கு வந்தது. "குண்டு விழுந்தாலும் அசையாத வண்டி" என்றார் விற்றவர். உண்மைதான். பல நாள் காலையில் அது அசையாது. ஆனால் ஓட்டுகிறவனுக்கும் அதே தைரியம் வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

தைரியம் என்று சொன்னேன் அல்லவா? அந்தச் சாமான் என்னிடம் ஸ்டாக் இருந்ததே இல்லை.

எனக்கு ஒரே மகள், ராஜம். புதூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடியில் வேலை. ராஜம் மாமனார் மாமியாரோடு ஊரில் இருக்கிறாள். இது தலைப்பிரசவம். ஏழாம் மாதத்தில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், வளையல் போட்டு, பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். ஆனால் ஏழாம் மாதம் சம்மந்தி வீட்டில் ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தீட்டு. எட்டாம் மாதத்தில் யாரும் வளையல் போடுவதில்லை. ஆகவே ஒன்பது.

அந்த ஒன்பதாம் மாதம் எங்கே வந்து விழுந்தது தெரியுமா? நடு ஐப்பசியில்!

கரிசல்காட்டுக்காரர்கள் இந்த இடத்தில் "அட கடவுளே" என்றிருப்பார்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். எங்கள் மண் கோடையில் வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் கைத்தடி விழுந்தால் தடியை மறந்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மழை பெய்ததோ, அதே மண் கிண்டிய களி. செருப்போடு நடந்தால் செருப்பு அங்கேயே நிற்கும், நாம் மட்டும் போய்க்கொண்டிருப்போம். புதூர் வரை சரளை ரோடு உண்டு. அதற்கப்பால் ராஜத்தின் ஊருக்கு வண்டித் தடம்தான். இரண்டு நல்ல மழை விழுந்தால் அந்த ஊர் ஒரு தீவு. உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே.

என் மகள் உள்ளே. நான் வெளியே.

புரட்டாசி பிறந்ததுமே நான் மேகம் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போவேன். என் மனைவி கோமதிக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது.

"இந்தா பாருங்க, நீங்க மொறச்சா மழ நின்னுருமா? அங்கன பாத்துக்கிட ஆளில்லையா, மருத்துவச்சி இல்லையா?"

"ஆஸ்பத்திரி இருக்கா?"

"ராஜத்த நான் எந்த ஆஸ்பத்திரியில பெத்தேன்?"

உண்மைதான். ஆனால் ஒன்று. அன்றைக்கு அவள் உள்ளே இருந்தாள். வாசலில் நான் நின்ற லட்சணத்தை அவள் பார்க்கவில்லை. அங்கே இருந்த வேப்பங்கன்றில் ஓர் இலை விடாமல் உருவிப்போட்டிருந்தேன். மகள் பிறந்தாள், கன்று பட்டுப்போயிற்று.

பயம் வந்தால் புத்திசாலிகள் பெரியவர்களைத் தேடிப் போவார்கள். நான் மைதீன் பாயைத் தேடிப் போனேன். பாய் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். பழைய லாரி சாமான் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. எதையாவது கழற்றி வேறு எதிலாவது மாட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"கரிசத் தடத்துல ஒங்க ஜீப்பு ஏன் மாட்டுது, யோசிச்சீயளா?" என்று ஆரம்பித்தார். "மாட்டு வண்டி போயிப் போயி ரெண்டு பக்கமும் பள்ளமாயிருச்சு. நடுவுல திட்டு நிக்கு. ஒங்க ஆக்சில் அந்தத் திட்டு மேல ஜம்முனு உக்காந்துக்கிடுது. சக்கரம் அந்தரத்துல சுத்துது. பெரிய டயரா மாட்டினா ஆக்சில் ஒசந்துரும்லா?"

"மாட்டுங்க பாய்."

"மாட்டினா மட்கார்டுல ஒரசும்."

"அதுக்கு?"

"பாடியத் தூக்கணும்."

"தூக்குங்க பாய்."

"எவ்வளவு தூக்க?"

"எவ்வளவு முடியுமோ..."

பயந்து கிடப்பவனிடம் அளவு கேட்கலாமா?

மிலிட்டரி லாரியில் கழற்றிய டயர்கள் பாயிடம் கிடந்தன. ஒவ்வொன்றும் கிணற்று உறை மாதிரி. அதே ரிம்மில் அடித்து ஏற்றினார். ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டைகள் சேர்த்தார். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் எட்டவில்லை, நீளமாகச் செய்தார். ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு கோக்கிற ஷேக்கிளையும் நீட்டினார். வண்டி எழுந்தது. பிரேக் ஹோஸ் விறைத்துக்கொண்டு நின்றது, அதையும் மாற்றினார். பாய் தள்ளி நின்று, சித்திரம் வரைந்தவர் மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னும் ஒரு பட்ட சேக்கலாமா அண்ணாச்சி?"

"சேருங்க."

எனக்குப் பயம், அவருக்கு உற்சாகம். இரண்டும் சேர்ந்தால் எது எங்கே போய் நிற்கும்?

ஓட்டிப் பார்த்தோம். வளைவில் வண்டி தேர் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, திரும்பவும் நிமிர்ந்தது. அடியில் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் கோணிக்கொண்டதால் வேகமெடுத்தால் ஒரு நடுக்கம். பேசினால் சொற்கள் துண்டு துண்டாக வந்தன. ஆனால் எட்டயபுரம் ரோட்டுக்கு ஒதுக்குப்புறமாக ஒரு பாழும் தடத்தில் இறக்கினால்... என்ன அழகு! நடுத்திட்டைத் தொடாமல் மிதந்து போயிற்று. பாய் கைதட்டினார். நானும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கைதட்டினேன். பாய் உடனே கைதட்டுவதை நிறுத்தினார்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கி ஏறினேன். பாயும் அப்படியே ஏறினார். ஆகவே வண்டியில் ஏற முடிகிறது என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு ஆண்பிள்ளைகளின் மூளை அதற்கு மேல் ஓடவில்லை.

அழைக்கப் போகும் நாள் வந்தது. எங்கள் வீட்டு வாசல் மேடு உயரம். அதை ஒட்டி ஜீப்பை நிறுத்தினேன். கோமதி மேட்டிலிருந்து நேரே சீட்டில் கால் வைத்து உட்கார்ந்துவிட்டாள். மற்ற சொந்தக்காரர்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்களுக்குப் புதூர் வரை பஸ்ஸும் அப்புறம் நடையுமே போதும் என்று ஏற்கெனவே நழுவியிருந்தார்கள். பின்னால் கட்டுச்சோற்றுப் பாத்திரங்கள்: புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, கூடவே கடம்பூர் போளி. வழியில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒவ்வொரு மூடியாகத் திறந்தது. ஊர் போய்ச் சேர்ந்தபோது என் சட்டையின் முதுகில் தயிர்ச்சோறு. எலுமிச்சைச்சோற்றையும் தேங்காய்ச்சோற்றையும் இனிப் பிரிக்க முடியாது.

வானம் அதுவரை சும்மா இருந்தது. வளையல் அடுக்கினார்கள். சாப்பிட்டோம். கலந்துபோன சோற்றை, "இது என்ன சோறு, புதுசா இருக்கு?" என்று கேட்டு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார் சம்மந்தி. எப்போதும் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டே இருக்கும் மனிதர் அவர். சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம், கிழக்கே கறுத்துவிட்டது.

"கிளம்புவோம், கிளம்புவோம்" என்று எல்லோரையும் விரட்டினேன்.

ராஜம் கை நிறைய வளையலோடு வெளியே வந்தாள். ஜீப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தன் வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

"அப்பா... இதுல நான் எப்படிப்பா ஏற?"

ஆக்சில் எவ்வளவு உயரம், டயர் எவ்வளவு அகலம், மட்கார்டுக்கு எவ்வளவு இடைவெளி... எல்லாம் பார்த்தோமே! எவளுக்காக இத்தனையும் செய்தோமோ அவள் ஏறுவாளா என்று பார்த்தோமா?

"சம்மந்தி, கூட ஒரு பாகனயும் கூட்டியாந்திருக்கலாம்லா!" என்றார் சம்மந்தி. முற்றமே சிரித்தது.

"ஒரு உரலப் போட்டு ஏறலாமே" என்றேன்.

"பிள்ளத்தாச்சி உரல மிதிக்கவா? நல்லாருக்கு!" என்றார் சம்மந்தியம்மா. அந்த வீட்டில் எது கூடும், எது கூடாது என்பதற்கு அவர்தான் ஹைகோர்ட்.

"ஏணி?"

"ஏணி ஏறக் கூடாது."

"கம்பு மூடைய அடுக்கி..."

"திங்கிற தானியத்துல கால வைக்கவா? கூடாது."

"நாலு பேரு சேந்து தூக்கி..."

"தூக்கவே கூடாது!"

கடைசியில் ஒரு கயிற்றுக் கட்டில் வந்தது. அதற்கு ஹைகோர்ட்டில் தடை இல்லை. பலம் எப்படி என்று நானே ஏறிப் பார்த்தேன். ஒரு கால் கயிற்றுக்குள் தொடை வரை இறங்கிவிட்டது. என்னை உருவி எடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. ராஜம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, "சிரிக்காதம்மா, சிரிக்காத" என்று கோமதி அவளைப் பிடிக்க, வானத்தில் இடி உருண்டது.

அந்த இடிச் சத்தத்தில் சம்மந்தி சிரிப்பை நிறுத்திவிட்டார். ஜீப்பைப் பார்த்தார். தடத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஊருக்கு வெளியே கல்லு இருக்குல்லா... அதுல படி மாதிரி கீழ ஒரு பலகக் கல்லும் இருக்கு. ஒயரம் சரியா இருக்கும்."

கோமதி சட்டென்று ராஜத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் சொன்னது சுமைதாங்கிக் கல்லை. தலைச்சுமையோடு நடப்பவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து இளைப்பாற, பாதையோரம் நட்டு வைப்பது. யார் நினைவாக நடுவார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக. இறக்காமல் போன சுமைக்காக.

நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். "அந்தக் கல்லு வேண்டாம் சம்மந்தி. வேற எதாவது..."

"அது எங்க அக்கா கல்லுதான்" என்றார் சம்மந்தி. "இதே ஐப்பசிதான். வலி கண்டு ரெண்டு நாளாச்சு, புதூருக்குக் கொண்டுபோனோம். வழியில வண்டி பதிஞ்சுபோச்சு. எனக்கு அப்ப வெவரம் தெரிஞ்ச வயசு. சக்கரத்த நானும் தள்ளினேன்."

எல்லோரும் சம்மந்தியம்மாவைப் பார்த்தோம். ஒரு "கூடாது" வரும் என்று நான் காத்திருந்தேன். உரலுக்கும் ஏணிக்கும் கூடாது என்றவர், இதற்கு ஒன்றும் சொல்லாமல் தலை குனிந்துகொண்டார்.

ராஜம்தான் பேசினாள்.

"அப்பா, நெதமும் தண்ணி எடுத்துட்டு வரும்போது என் குடத்த அந்தக் கல்லுல இருக்கிற அவியதான் வாங்கி வச்சிக்கிடுதாவ. ஒரு நாளும் கீழ போட்டதில்ல. என்னைய மட்டும் போட்ருவாவளா?"

சொல்லிவிட்டு, யாருக்கும் காத்திராமல் நடந்தாள். வளையல் சத்தம் போய்க்கொண்டிருந்தது. நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் உருட்டினேன். என் மகளை நான் பின்தொடர்ந்துபோனது அதுதான் முதல் தடவை.

கல்லை ஒட்டி நிறுத்தினேன். முதலில் தள்ளி நின்றது, இன்னொரு தடவை ஒட்டினேன். கோமதி ஒரு கை, சம்மந்தியம்மா ஒரு கை. ராஜம் கீழ்ப் பலகைக் கல்லில் கால் வைத்தாள். அங்கிருந்து அடுத்த கால் வண்டிக்குள். உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான். முற்றத்தில் நாங்கள் ஒரு நாடகமே போட்டோம், இங்கே கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. சம்மந்தியம்மா ராஜத்தின் தலையிலிருந்து ஒரு துண்டுப் பூவைக் கிள்ளி அந்தக் கல்லின் மேல் வைத்தார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

கரிசல் தன் வேலையைக் காட்டியது. டயர் அகலம் அல்லவா? மண்ணையும் அகலமாகவே வாரிக்கொண்டது. டயருக்கு மேல் இன்னொரு டயர் மாதிரி அப்பி, மட்கார்டு வரை முட்டிக்கொண்டு, வண்டி முனக ஆரம்பித்தது. இதைப் பாயும் நானும் யோசிக்கவில்லை. நாங்கள் யோசிக்காததையெல்லாம் சேர்த்தால் இன்னொரு ஜீப் செய்யலாம்.

ஆனால் சம்மந்தி யோசித்திருந்தார். ஒரு கம்போடு பின்னால் தொற்றி ஏறியிருந்தவர், குதித்து இறங்கினார். நடந்துகொண்டே சக்கரத்து மண்ணைக் குத்திக் குத்தித் தள்ளினார். "பையப் போங்க சம்மந்தி, நிப்பாட்டாதீய. நிப்பாட்டினா போச்சு!" அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு யார்? கோமதி சோற்று அகப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். எங்கள் கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்த பித்தளை அகப்பை. மழையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அகப்பையால் டயரைச் சுரண்டிக்கொண்டு வந்த கோமதியைப் பார்த்தபோது... வேண்டாம், இந்தப் பத்தியை அவளும் படிக்கிறாள்.

நான் என்ன செய்தேன்? முருகா முருகா என்று கத்திக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தேன். "அப்பா, மெதுவாக் கூப்பிடுங்க, முருகனுக்குக் காது கேக்கும்" என்றாள் ராஜம். நடுத்திட்டு வந்தது. தண்ணீருக்குள் கிடந்த அந்தத் திட்டின் மேலே, எங்கும் இடிக்காமல், பாயின் பட்டைகள் எங்களைத் தூக்கிக்கொண்டு போயின. சரளை ரோட்டில் சக்கரம் ஏறியதும் வண்டியை நிறுத்தினேன். முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டேன், பாய்க்கு ஒன்று.

சம்மந்தி தொப்பலாக நனைந்து, இடுப்பு வரை சேறாக நின்றார். பரிகாசமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மட்கார்டின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"எங்க அய்யாகிட்ட மாட்டு வண்டிதான் இருந்துச்சு சம்மந்தி. இந்த மாதிரி ஒரு கோட்டி பிடிச்ச வண்டி இல்ல."

பிறகு திரும்பி, அந்தச் சேற்றிலேயே ஊருக்கு நடந்தார்.

ராஜத்துக்குப் பெண் குழந்தை. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில். தாயும் பிள்ளையும் சுகம். தாத்தாதான் இன்னும் சரியாகவில்லை.

நேற்று மைதீன் பாய் ஸ்பானர் பையோடு வீட்டுக்கு வந்தார். "பேத்தி வந்தாச்சு. வண்டிய எறக்கிருவோமா அண்ணாச்சி?" இறக்கிவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு பெரியவர். முன்பின் பார்த்ததில்லை. தலையில் நனைந்த துண்டு.

"ஒங்க சம்மந்தி சொல்லிவிட்டாவ. எம் மவ நெறமாசமா இருக்கா. எங்க ஊருக்கும் தடம் மோசம்... ஒங்ககிட்ட ஒயரமா ஒரு வண்டி இருக்காம்லா?"

உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை. வாசலிலேயே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் என் முகத்தைப் பார்த்தார். ஸ்பானரை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். இப்போது கொட்டகையில் உட்கார்ந்து, ஜீப்பின் பின்னால் கட்டிக்கொண்டு போக அகலமாக ஒரு மரப்படி செய்துகொண்டிருக்கிறார்.

நாளைக் காலையில் கிளம்புகிறேன். யார் பெற்ற பெண்ணோ, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை பெறப்போவது அவள்... பாதிச் சாப்பாட்டில் எழுந்து மேகம் பார்ப்பது நான்!